ஒளியில் மிதக்கும் நுண்துகள்களின் சுழற்சி

வெற்றிடத்தில் லேசர் ஒளி தாங்கி நிற்கும் நுண்துகள், அதே ஒளி தரும் முறுக்குவிசையால் தன் அச்சில் சுழல்வது. மனிதர் சுழற்றிய பொருள்களுள் மிக வேகமானவை இவ்வகைத் துகள்களே. ஒளி தரும் முறுக்குவிசை மிகச் சிறியது. அதைப் பெருவேகமாக மாறவிடாமல் தடுப்பது உராய்வு. ஆகவே இத்துறையின் வரலாறு, உராய்வைப் படிப்படியாக விலக்கிய வரலாறாகவே அமைந்தது.

முன்னோடிகள்: வட்டத் தளவிளைவுற்ற ஒளி கோண உந்தத்தைச் சுமக்கும் என்பதை 1909இல் ஜான் ஹென்றி பாய்ண்டிங் கணித்துக் காட்டினார். அதை அளந்தறியலாம் என்ற நம்பிக்கை அவருக்கே அதிகமில்லை. 1936இல் பிரின்ஸ்டனில் ரிச்சர்ட் பெத், மெல்லிய இழையில் தொங்கவிட்ட குவார்ட்ஸ் தகட்டின் வழியே அத்தகைய ஒளியைச் செலுத்தி, தகடு திரும்புவதை அளந்தார்.

மிதக்கவிடுதல்: அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் ஆஷ்கின் 1970இல் நீரிலிருந்த நுண்கோளங்களை லேசர் கற்றைகளால் பிடித்து நிறுத்தினார். அடுத்த ஆண்டு, மேல்நோக்கிச் செல்லும் கற்றையொன்றால் சுமார் 20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கோளத்தைக் காற்றில் தாங்கினார். 1976இல் உயர் வெற்றிடத்திலும் அதைச் செய்தார். துகள்களை லேசரால் பிடிக்கும் ஒளி இடுக்கியைக் கண்டமைக்காக 2018இல், தம் 96ஆம் வயதில், நோபல் பரிசு பெற்றார்.

சுழற்றுதல்: 1998இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் கால்சைட் துகள்களை நீரில் சுழற்றினர். கால்சைட் இரட்டை ஒளிவிலகல் உடையது. தன் வழியே செல்லும் ஒளியின் தளவிளைவை மாற்றி, அதன் கோண உந்தத்தில் ஒரு பங்கைத் தான் பெற்றுக்கொள்ளும். நீரின் பிசுபிசுப்பு வேகத்தை நொடிக்குச் சில நூறு சுற்றுகளோடு நிறுத்தியது. 2013இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தார் கால்சைட்டைப்போலவே இரட்டை ஒளிவிலகல் உடைய வாட்டரைட்டாலான 4.4 மைக்ரோமீட்டர் கோளத்தை வெற்றிடத்தில் சுழற்றியபோது வேகம் நொடிக்கு 50 லட்சம் சுற்றுகளை எட்டியது.

2018இல் சூரிச்சின் ஈ.டி.எச். நிறுவனமும் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகமும் தனித்தனியே நொடிக்கு 100 கோடிச் சுற்றுகளைக் கடந்தன. சூரிச் குழு சுமார் 100 நானோமீட்டர் சிலிக்கா துகளையும், பர்டூ குழு இரு சிலிக்கா கோளங்கள் ஒட்டிய இணைத்துகளையும் பயன்படுத்தின. எஞ்சிய வாயுவின் அழுத்தம் குறையக் குறைய வேகம் கூடியது. 2020இல் பர்டூ குழு 500 கோடியையும் தாண்டியது.

எல்லை: நொடிக்கு 100 கோடி முறை சுழலும் 100 நானோமீட்டர் கோளத்தின் நடுக்கோட்டில் மையநோக்கு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ 20,000 கோடி மடங்கு. இந்நிலையில் வாயுவின் தடையோடு, துகள் சிதறாமல் தாங்கும் வலிமையும் வேகத்தின் எல்லையாகிறது.

பயன்: உராய்வு குன்றிய இச்சுழலிகள் நுட்பமான முறுக்குவிசைமானிகளாகவும் பயன்படும். 2020இல் பர்டூ குழு எட்டிய உணர்திறன், ஒரு நொடி அளவீட்டுக்கு ஒரு நியூட்டன்-மீட்டரின் 10²⁶இல் ஒரு பங்கைவிடவும் நுண்ணியது. வாயு முற்றிலும் நீங்கிய இடத்திலும், மின்காந்தப் புலத்தின் ஏற்ற இறக்கங்களால் சுழலும் பொருள்மீது சிறு உராய்வு எழும் என்கிறது குவாண்டம் கோட்பாடு. வெற்றிட உராய்வு எனப்படும் அதனை ஒரு பரப்பின் அருகே சுழலும் துகளைக் கொண்டு அளந்தறிவதே இத்துறையின் முதன்மையான இலக்குகளுள் ஒன்று.