பீகாரின் வெடியுப்பு

எந்த உப்பு ஜலத்தில் கரையும், எது கரையாது என்று ரசாயன வகுப்பில் மனப்பாடம் செய்யப்படும் விதிகளில், நைட்ரேட்டுகள் யாவும் கரையும் என்பது பெரும்பாலும் முதலிலேயே வந்துவிடும். அந்த விதியை ஏட்டில் கண்டறியாமலே, கங்கைக்கு வடக்கே சாரண், சம்பாரண் முதலிய ஜில்லாக்களில் நூனியா என்னும் ஜாதியார் தலைமுறை தலைமுறையாக அதைக் கொண்டே ஜீவனம் நடத்தினார்கள்.

மாட்டுத் தொழுவத்துக் கழிவும் அடுப்புச் சாம்பலும் ஊறிய கிராமத்து மண்ணில் நுண்ணுயிர்களின் வேலையால் நைட்ரேட் உண்டாகிறது. மழை ஓய்ந்து வெயில் ஏறியதும், மண்ணுக்குள் கரைந்து கிடந்த அவ்வுப்பு ஈரத்தோடு மேலே வந்து சுவரடிகளில் வெள்ளையாகப் பூக்கும். நூனியா அந்த மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தே தரம் சொல்லுவான்.

சுரண்டிய மண்ணை, மூங்கில் தட்டியும் புல்லும் சாம்பலும் பரப்பிய மண் தொட்டியில் இட்டு ஜலம் வார்த்தால், அடியில் பழுப்பு நிறச் சாறு இறங்கும். சாம்பலிலுள்ள பொட்டாசியம் மண்ணின் கால்சியம் நைட்ரேட்டைப் பொட்டாசியம் நைட்ரேட்டாகிய வெடியுப்பாக மாற்ற, கரையாத சுண்ணாம்பு தொட்டியிலேயே தங்கிவிடும். சாற்றைக் காய்ச்சுவதில்தான் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது. 100 கிராம் ஜலத்தில் உறைநிலையில் சுமார் 13 கிராமே கரையும் வெடியுப்பு, கொதிநிலையில் 240 கிராமுக்கு மேல் கரையும்; சோற்றுப்பு இரண்டு நிலையிலும் 36, 39 என்று ஏறக்குறைய அசையாமல் நிற்கும். ஆகவே ஜலம் சுண்டச் சுண்ட முதலில் சோற்றுப்பு அடியில் படியும். மேலே நிற்கும் சூடான சாற்றைப் பானைகளில் ஊற்றி ஆறவிட்டால், வெடியுப்பு நீள நீளப் படிகங்களாக இறங்கும்.

இந்தப் படிகங்களுக்காகவே டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் 17-ஆம் நூற்றாண்டில் பாட்னாவைச் சுற்றிப் பண்டகசாலை போட்டார்கள். பிளாசி யுத்தத்துக்கு மறு வருஷமே, 1758-இல், கிளைவ் வங்காள நவாப் மீர்ஜாபரிடமிருந்து வெடியுப்பு வியாபாரத்தின் ஏகபோக உரிமையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தார். ஐரோப்பாவில் வெடித்த பீரங்கிகளின் மருந்தில் பெரும்பங்கு பீகார்க் குடிசைச் சுவர்களிலிருந்து சுரண்டப்பட்டது என்றால் அது மிகையன்று.

ஆனால் சட்டியடியில் படிந்த சோற்றுப்புதான் நூனியாவுக்கு வினையாயிற்று. உப்பு வரி வாங்கிய சர்க்கார், 1882-ஆம் வருஷத்து உப்புச் சட்டத்தின் வாயிலாக வெடியுப்புக் காய்ச்சுவதையும் உரிமத்துக்குள் அடக்கியது. கொதிக்கும் சாற்றிலிருந்து தானே இறங்கும் ஒரு வஸ்துவைக் கள்ளப் பொருளாக்கிய சட்டம் என்றே நான் இதைச் சொல்லுவேன்.

இதற்குள் ஐரோப்பாவில், சிலி தேசத்துச் சோடியம் நைட்ரேட்டோடு ஜெர்மனியின் ஸ்டாஸ்பர்ட் சுரங்கத்துப் பொட்டாசியம் குளோரைடைக் கலந்து காய்ச்சி, சூட்டில் சோற்றுப்பைப் படியவிட்டு, ஆறியபின் வெடியுப்பை எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். பாட்னாச் சரக்குக்குக் கிராக்கி குறையவே, நூனியாக்களில் பலர் சட்டியை விட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, சாலை போடவும் செங்கல் சூளையில் வேலை செய்யவும் போனார்கள்.