பழைய கட்டிட மாதிரிகள்: தூய்மையும் பாதுகாப்பும்

இலண்டன் புனித பால் பேராலயத்துக்காக கிறிஸ்டோபர் ரென் 1673–74இல் மரத்தாலும் சாந்தாலும் செய்வித்த ‘பெரிய மாதிரி’ 6 மீட்டருக்கும் மேல் நீளமானது. அந்த வடிவில் பேராலயம் எழவில்லை. ரென் மனத்தில் கண்ட கட்டிடத்தை இன்று அந்த மாதிரியில்தான் பார்க்க முடியும். மாதிரிகளைக் கட்டிடத்துக்குரிய அக்கறையோடு பேண வேண்டியது இதனால்தான்.

இருபதாம் நூற்றாண்டு மாதிரிகளைத் துப்புரவு செய்வது இன்னும் கடினம். அட்டை, பால்சா மரம், பிளாஸ்டர், அக்ரிலிக், தெர்மாகோல், பித்தளை எல்லாம் ஒரே பலகையில் ஒட்டியிருக்கும். ஒன்றுக்கு மருந்தாவது பக்கத்திலிருப்பதற்கு நஞ்சு. ஆல்கஹால் பட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல்கள் ஓடும். அசிட்டோன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். ஈரத்தில் அட்டை உப்பும். பிளாஸ்டர் அழுக்கு நீரை உள்ளே இழுத்துக் கறையாக்கிக்கொள்ளும்.

ஆகவே முதலில் எல்லாப் பக்கமும் படமெடுத்து, பிறகு உலர் முறையிலேயே தொடங்குவார்கள். கூரையிலிருந்து கீழ்நோக்கி, மென்மையான தூரிகையால் தூசியைத் தூசி உறிஞ்சியின் வாய்ப்பக்கம் தள்ளுவது வழக்கம். வாயில் கட்டிய வலைத்துணி, கழன்று வரும் நகக்கண் அளவு சன்னலைத் தடுத்து நிறுத்தும். அதை உறையிலிட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதிவைக்க வேண்டும். ஒட்டிய அழுக்குக்குப் பஞ்சுக் குச்சியை லேசாக ஈரப்படுத்தி, மறைவான இடத்தில் சோதித்தபின், தேய்க்காமல் உருட்டுவார்கள். எச்சிலில் உள்ள நொதிகள் அழுக்கை இளக்கும் என்பதால் அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்கள் அதையும் பயன்படுத்துவதுண்டு.

பென்சில் கோடு, குண்டூசித் துளை, மேலே ஒட்டிய அட்டைத்துண்டு ஆகியவை அழுக்கல்ல. வடிவமைத்தவர் எங்கே மனம் மாறினார் என்பதற்கு அவையே சாட்சி. புதுவண்ணம் பூசி அவற்றை மறைப்பது ஆவணத்தை அழிப்பதற்குச் சமம். உடைந்த துண்டையும் எறியக் கூடாது. 1936இல் நொறுக்கப்பட்ட, கட்டிடக்கலைஞர் கௌடியின் பிளாஸ்டர் மாதிரிகளின் துண்டுகளைச் சேர்த்துத்தான் பார்சிலோனாவின் சக்ரதா பமிலியா தேவாலயப் பணி தொடர்ந்தது.

ஈரப்பதம் 45–55 விழுக்காட்டில் நிலையாக இருப்பது நல்லது. அது ஏறி இறங்கினால் மரமும் அக்ரிலிக்கும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கி ஒட்டு விடும். வண்ணத்தாளுக்கு 50 லக்ஸ் ஒளி போதும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வினிகர் வாசனை வந்தால், உள்ளே செல்லுலோஸ் அசிட்டேட் சிதைகிறதா என்று பார்க்க வேண்டும். அதிலிருந்து எழும் அமிலம் அருகிலுள்ள ஈயத்தை வெண்பொடியாக்கும். அந்தப் பாகத்தைத் தனியே எடுத்துக் காற்றோட்டமான இடத்தில் வைப்பதே முறை.