1940: போருக்கு நடுவே வென்ற கழகம்

மலையகத்தில் சமதரை அரிது. ஹற்றனிலிருந்து நுவரெலியா வரை எந்தப் பாதையில் சென்றாலும் தேயிலை ஏறாத சரிவைக் காண்பது கடினம். கிடைத்த சிறு சமதரைகளில் தொழிற்சாலையும் பெரட்டுக்களமும் அமைந்தன. சற்றுப் பெரிய சமதரைகளைத் துரைமார் தமது விளையாட்டுக்கென வைத்துக்கொண்டனர். டிக்கோயாப் பக்கத்துத் தரவளையிலும், நானுஓயாப் பக்கத்து ரதல்லவிலும் வார இறுதிகளில் துரைமார் கூடி ரக்பியும் கிரிக்கெட்டும் ஆடினர்.

அத்தகைய மைதானம் ஒன்றின் மேற்புறத்து மண்மேட்டில் நின்று ஆட்டம் பார்த்தவர் என் பாட்டனார். பந்து எல்லை தாண்டி வந்தால் எடுத்து எறிய வேண்டும். உள்ளே இறங்கக் கூடாது. அவர்கள் ஆடியது பெரட்டுக்களத்தில். விளையாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் ஒன்றை மட்டும் சொல்வார்: "துரை விளையாடும்போது மட்டும்தான் விசிலுக்குக் கட்டுப்படுவான்."

இந்த வாக்கியத்தின் பொருளை நான் பிற்காலத்தில், 1940ஆம் ஆண்டைப் பற்றிப் படித்தபோதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

அந்த ஆண்டு மலையகத்தில் எவ்வாறு தொடங்கியது என்பதை மூத்த வாசகர்கள் அறிவர். ஐரோப்பாவில் போர் மூண்டு நான்கு மாதங்களே ஆகியிருந்தன. ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளர் 16 சதக் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். விசாரணை ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. ஆனால் அமைதி திரும்பவில்லை. வேலைநிறுத்தங்கள் தோட்டம் தோட்டமாகப் பரவின. ஜூன் மாதத்தில் லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். ஜூலையில் பிரித்தானியாவில் தேயிலைக்குப் பங்கீடு வந்தது. ஓர் ஆளுக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ். போருக்குத் தேயிலை வேண்டியிருந்தது. அதைப் பறித்தவர் கேட்ட சதங்களுக்குத்தான் இடமிருக்கவில்லை.

அதே ஆண்டில், அதே பேரரசின் கீழ், பாக்கு நீரிணைக்கு அப்பால் வேறொரு கதை நடந்தது. கல்கத்தாவின் மொகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் ஒரே பருவத்தில் கல்கத்தா லீக், பம்பாயின் ரோவர்ஸ் கிண்ணம், டில்லியின் டுராண்ட் கிண்ணம் ஆகிய மூன்றையும் வென்றது. இந்திய உதைபந்தாட்டத்தில் அதற்கு முன்னர் எவரும் எட்டாத உயரம் அது.

கழகம் 1891இல் தோன்றியது. நீண்ட காலம் கீழ்ப் பிரிவுகளிலேயே கிடந்தது. 1934இல் முதற் பிரிவுக்கு ஏறிய அதே ஆண்டில் லீக் பட்டத்தை வென்று, அதனை வென்ற முதலாவது இந்தியக் கழகம் என்ற பெயரைப் பெற்றது. 1938 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் அதனிடமே இருந்தது. பிரித்தானியப் படையணிகள் பரம்பரைச் சொத்தாகக் கருதிய பட்டம் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இவ்வெற்றிக்கு இரண்டு காரணங்களைக் கூறலாம். முதலாவது, ஆட்டக்காரர்களைத் தேடிய விதம். கல்கத்தாவோடு நில்லாமல் வடமேற்கு எல்லைப்புறம் முதல் பெங்களூர் வரை கழகம் வீரர்களைத் திரட்டியது. இரண்டாவது, காலணி. அன்றைய இந்திய வீரர்கள் பெரும்பாலும் வெறுங்காலுடனேயே ஆடினர். 1911இல் கிழக்கு யோர்க்‌ஷயர் படையணியை 2-1 என வென்று கேடயம் பெற்ற மோகன் பகான் அணியிலும் ஒருவரைத் தவிர அனைவரும் வெறுங்காலினரே. உலர்ந்த தரையில் அது குறையாகவில்லை. ஆனால் கல்கத்தா லீக் நடப்பது மழைக்காலத்தில். சேற்றில் வெறுங்கால் வழுக்கும், காலணி பிடிக்கும். மொகமதன் கழகம் ஈரத்தரையில் தன் வீரர்களைக் காலணியுடன் இறக்கியது. மழையில் சரிவேறிக் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளுக்கு இதன் அருமையை நான் விளக்கத் தேவையில்லை.

1939இல் நிர்வாகச் சங்கத்துடன் ஏற்பட்ட பிணக்கினால் கழகம் லீக்கிலிருந்து விலகியது. அவ்வாண்டு மோகன் பகான் தனது முதல் பட்டத்தை வென்றது. 1940இல் திரும்பி வந்த மொகமதன், இழந்த பட்டத்தை மீட்டது. அடுத்து பம்பாய். 1937இல் இதே ரோவர்ஸ் இறுதியாட்டத்தில் தன்னைத் தோற்கடித்த பெங்களூர் முஸ்லிம்ஸ் அணியை இம்முறை 1-0 என வென்றது.

எஞ்சியது டுராண்ட். பிரித்தானிய இந்திய அரசின் வெளியுறவுச் செயலாளர் மோர்டிமர் டுராண்ட் 1888இல் சிம்லாவில் தொடக்கிய போட்டி அது. படையினருக்காகப் படையினர் நடத்திய போட்டி. அரை நூற்றாண்டாக எந்த இந்தியக் குடிமக்கள் அணியும் அந்தக் கிண்ணத்தை வென்றதில்லை. 1940இல் போட்டி சிம்லா மலையிலிருந்து டில்லிக்கு இறங்கியது. டிசெம்பர் 12ஆம் திகதி, இர்வின் அரங்கில் இறுதியாட்டம். எதிரணி ரோயல் வார்விக்‌ஷயர் படையணி.

நடுவராக நின்றவர் கப்டன் ஹர்னாம் சிங். டுராண்ட் இறுதியாட்டத்தில் ஓர் இந்தியர் விசில் ஏந்தியது அதுவே முதல் தடவை. ஹாபிஸ் ரஷீத்தும் சாபூவும் கோல் போட, மொகமதன் 2-1 என வென்றது. உலகின் பாதியைக் கட்டியாளும் படையின் ஓர் அணி, போர் நடந்துகொண்டிருக்கும் வேளையில், தான் ஆளும் மக்களிடம், அம்மக்களில் ஒருவரின் விசிலுக்குக் கட்டுப்பட்டுத் தோற்றது. பாட்டனாரின் வாக்கியம் எனக்கு விளங்கியது இந்த இடத்தில்தான். முல்லோயாவில் இரு தரப்புக்கும் பொதுவான விசில் இருக்கவில்லை. டில்லியில், அந்த ஒரு பிற்பகலுக்கு, இருந்தது.

ஆயினும் வரலாற்றை வெற்றிக் களிப்போடு முடித்துவிட இயலாது. இந்த வெற்றி யாருடையது என்ற கேள்வி உடனிருந்தது. ஆட்சியாளரை வீழ்த்திய இந்தியரின் வெற்றி என்று கொண்டாடினோர் உண்டு. கவிஞர் நஸ்ருல் இஸ்லாம் 1930களிலேயே இக்கழகத்தை வாழ்த்திப் பாடியிருக்கிறார். ஒரு சமூகத்தின் வெற்றியாக மட்டும் அதனைக் கண்டவர்களும் இருந்தனர். கல்கத்தா மைதானத்தின் கரவொலி மெல்ல மெல்ல மதத்தின் வழியே பிரிந்தது. அதே 1940 மார்ச்சில்தான் முஸ்லிம் லீக் லாகூர்த் தீர்மானத்தை நிறைவேற்றியது என்பதையும் மறத்தலாகாது. ஒரே சட்டையணிந்து ஆடியவர்களின் ஊர்கள் 1947இல் இரு நாடுகளாயின. கழகத்தின் முன்னாள் அணித்தலைவர் ஹபிபுல்லா பஹார் கிழக்கு வங்காளத்தின் அமைச்சரானார். டுராண்ட் போட்டியோ 1941 முதல் 1949 வரை நடைபெறவேயில்லை.

கழகம் கல்கத்தாவிலேயே நிலைத்து நின்றது. பிரிவினைக்கு மறு ஆண்டில், 1948இல், மீண்டும் லீக் பட்டத்தை வென்றது. 'நீங்கள் இந்த ஊரார்தானா?' என்று கேட்கப்பட்ட காலத்தில் கிடைத்த அப்பட்டத்தை, 1940இன் மூன்றையும் விடப் பெரிதாகவே நான் கருதுகிறேன்.

ஏனெனில் அதே 1948இல் அதே கேள்வி எங்களிடமும் கேட்கப்பட்டது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு உறுப்பினர்களை நாடாளுமன்றுக்கு அனுப்பியது. வென்றவர்கள் விதிப்படிதான் வென்றனர். மறு ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவராயினர். ஆட்டம் முடிந்த பின்னர் விதி மாற்றப்பட்டது. மீண்டும் அனைவரும் உரிமை பெற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

மொகமதன் கழகம் டுராண்ட் கிண்ணத்தை மறுபடி தொட்டது 2013இல். எழுபத்து மூன்று ஆண்டுகளின் பின்னர். ஜனவரி 10ஆம் திகதியை மலையகம் தியாகிகள் நினைவு நாளாக அனுசரித்து வருகிறது. பாட்டனார் நின்ற மண்மேடு இன்றும் அங்கேயே இருக்கிறது. சென்ற முறை ஊருக்குப் போனபோது, கீழே மைதானத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் உதைபந்தாடிக்கொண்டிருந்தனர். நான் மேட்டில் நிற்கவில்லை. இறங்கிப் போய் எல்லைக்கோட்டருகே நின்று, ஆட்டம் முடியும் வரை பார்த்தேன்.