வடசென்னைச் சரக்கு வாகனங்களும் கமான் பட்டையும்

கமான் பட்டை என்பது லாரி, வேன், பிக்கப் போன்ற சரக்கு வாகனங்களின் பாரத்தைத் தாங்கும் எஃகு வில் அடுக்கு. ஆங்கிலத்தில் லீஃப் ஸ்பிரிங் எனப்படுகிறது. ‘கமான்’ என்றால் வில். வளைந்த எஃகுத் தகடுகள் நீளமானதிலிருந்து குட்டையானது வரை அடுக்கப்பட்டு, நடுவில் சென்டர் போல்ட்டால் இணைக்கப்படும். யூ போல்ட்டுகள் அந்த அடுக்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும்.

தோற்றம்

கமான் பட்டை மோட்டார் வாகனத்தைவிடப் பழமையானது. குதிரை வண்டிகளில் பயன்பட்ட வில் அடுக்குகளே பின்னர் லாரிகளுக்கு வந்தன. இங்கிலாந்தின் ஒபதையா எலியட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்றார்.

எண்ணூர்

ரகுநந்தன் சரண் 1948இல் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். எண்ணூர் ஆலையில் முதலில் ஆஸ்டின் கார்கள் பூட்டப்பட்டன. 1950இல் பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. அதன் பின் காமெட் லாரிகள் இங்கு உருவாயின. 1955இல் நிறுவனம் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறியது. 1969இல் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் செயல்படத் தொடங்கின. ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான சாலைகள் பாரவண்டிகளின் சாலைகளாயின.

பாரமும் உயரமும்

வெற்று வண்டியில் பட்டை நன்கு வளைந்திருக்கும். வண்டியின் பின்பக்கம் உயர்ந்து நிற்கும். பாரம் ஏற ஏறப் பட்டை நேராகி, பின்பக்கம் தாழும். பல ஆண்டுகள் ஓடிய வண்டியில் எஃகு தளர்ந்து, வெறுமையாக நிற்கும்போதே பின்பக்கம் தாழ்ந்துவிடும். கடற்கரைப் பகுதியின் உப்புக் காற்றும், மீன் வண்டிகளிலிருந்து வடியும் உப்புநீரும் பட்டைகளுக்கு இடையே துருவை வளர்க்கின்றன. துருப்பிடித்த இடத்தில்தான் பெரும்பாலும் விரிசல் தொடங்கும்.

இதற்குப் பட்டறைகளில் செய்யப்படும் தீர்வுகள் இரண்டு: தளர்ந்த பட்டைக்கு மீண்டும் வளைவு கொடுப்பது, கூடுதல் பட்டை சேர்ப்பது. சம தடிப்புள்ள 8 பட்டைகளோடு ஒன்றைச் சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கூடும். தடிப்பின் விளைவு இன்னும் பெரிது. எல்லாப் பட்டைகளின் தடிப்பையும் 10 விழுக்காடு கூட்டினால் விறைப்பு சுமார் 33 விழுக்காடு உயரும்.

விளைவுகள்

பட்டை வலுவானால் வண்டி அதிகப் பாரம் சுமக்கலாம் என்பது தவறான எண்ணம். அச்சு, சக்கர பேரிங், டயர், பிரேக் ஆகியவற்றின் திறன் அப்படியேதான் இருக்கும். முன்பு பின்பக்கம் தாழ்ந்து எச்சரித்த வண்டி, இப்போது பாரம் மிகுந்தாலும் நிமிர்ந்தே நிற்கும். அந்த எச்சரிக்கை மறைவதே பெரிய ஆபத்து.

சில வண்டிகளில் பின்பக்க உயரத்தை வைத்துப் பாரத்தை அளந்து, பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் வால்வு உண்டு. விறைத்த பட்டை தாழாததால், வண்டி காலியாக இருப்பதாகவே அந்த வால்வு கொள்ளும். பின் பிரேக் தேவையான அளவு பிடிக்காது. காலியாகச் செல்லும்போதோ பின்சக்கரங்கள் துள்ளி, சாலைப் பிடிப்பை இழக்கும்.

சட்டம்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அதிகப் பாரத்தைத் தடை செய்கிறது. 2018இல் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தப்பட்டது. 2019ஆம் ஆண்டின் திருத்தம் அதிகப் பாரத்துக்கான அபராதத்தை 2,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாயாக்கியது. கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய் செலுத்த வேண்டும்.

இன்றைய நிலை

புதிய வண்டிகள் பலவற்றில், நடுவில் தடித்து முனைகளில் மெலியும் பரவளைவுப் பட்டைகள் வந்துள்ளன. இவற்றில் பட்டைகளின் எண்ணிக்கையும் எடையும் உராய்வும் குறைவு. கழித்த கமான் பட்டைகள் வீணாவதில்லை. கொல்லர்கள் அவற்றை வாங்கி அரிவாள், வெட்டுக்கத்தி ஆகியவற்றை அடிக்கின்றனர்.