கணினி வரைவில் அளவு குறிக்கும் முறைகள்

கணினி வரைவு மென்பொருளில் வரைந்த உருவத்தின் நீளம், துளைகளின் இடம், விட்டம் முதலியவற்றை எண்களாகக் காட்டுவது அளவு குறித்தல். வழக்கில் ‘டைமென்ஷன் போடுவது’. ஒரே உருவத்துக்குப் பல முறைகளில் அளவு குறிக்கலாம். பாகம் எப்படிச் செய்யப்படும், எதனோடு பொருந்த வேண்டும் என்பதைப் பார்த்தே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தாளில் இடம் இருக்கிறதா என்பது பிறகு.

1982இல் வெளிவந்த ஆட்டோகேடில் இன்று வரிசை அளவுகளுக்கு மூன்று வழிகள் உள்ளன. கன்டினியூ, முந்தைய அளவு முடிந்த இடத்தில் அடுத்ததைத் தொடங்கும். பேஸ்லைன், எல்லாவற்றையும் ஒரே விளிம்பிலிருந்து எடுக்கும். ஆர்டினேட், ஆதிப்புள்ளியிலிருந்து எக்ஸ் அல்லது ஒய் தொலைவை மட்டும் எழுதும்.

இவற்றின் வேறுபாடு டாலரன்ஸில், அதாவது அனுமதிக்கப்படும் பிழையளவில், தெரியும். ஒரு தட்டில் விளிம்பிலிருந்து 20 மி.மீ. இடைவெளியில் ஐந்து துளைகள். ஒவ்வொரு அளவுக்கும் ±0.1 மி.மீ. அனுமதி. கன்டினியூவில் தொடர் அளவாகக் குறித்தால் பிழைகள் கூடிக்கொண்டே போய், 100 மி.மீ.இல் இருக்க வேண்டிய ஐந்தாம் துளை ±0.5 வரை நகரலாம். பேஸ்லைனில் அது ±0.1க்குள் நிற்கும். ஆனால் பேஸ்லைனே எப்போதும் மேல் என்று சொல்லிக்கொடுப்பது பாதி உண்மைதான்: அதில் அடுத்தடுத்த இரு துளைகளின் இடைவெளி ±0.2 வரை மாறும். அந்த இரண்டிலும் வேறொரு பாகத்தின் ஊசிகள் நுழைய வேண்டுமென்றால் இடைவெளியை நேராகக் குறிப்பதே சரி.

துளைகள் நிறைந்த தட்டை சிஎன்சி இயந்திரத்தில் துளையிடுவதானால் ஆர்டினேட் வசதி. கோடுகள் குறையும், எண்களை அப்படியே நிரலில் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன் யுசிஎஸ் எனும் பயனர் ஆய அமைப்பின் ஆதிப்புள்ளியைத் தட்டின் மூலைக்கு மாற்றியாக வேண்டும். கட்டட வரைபடத்தில் சுவர், சன்னல்களுக்குத் தொடர் அளவும் அதற்கு வெளியே மொத்த நீளமும் தருவது வழக்கம். இயந்திர வரைபடத்தில் அப்படி இரண்டையும் தந்தால் ஒன்று மிகை. அதை அடைப்புக்குறிக்குள் துணை அளவாக மட்டுமே காட்டலாம்.

ஆட்டோகேடில் அளவை உருவத்தோடு இணைக்கும் டிம்அசாக் என்ற மாறியின் மதிப்பு 2 ஆக இருந்தால் உருவம் மாறும்போது அளவும் மாறும். உண்மை அளவை அழித்து வேறு எண்ணைத் தட்டச்சு செய்தால் இந்தப் பயன் போய்விடும்: உருவத்தை எவ்வளவு நீட்டினாலும் பழைய எண்ணே நிற்கும். ‘எக்ஸ்ப்ளோடு’ செய்த அளவோ வெறும் கோடும் எழுத்துமாகச் சிதறிவிடும்.