மந்திர எண் ஆறா, எட்டா?

வெள்ளத்தில் கோபுரங்கள் சாய்ந்தபின், கைத்தொலைபேசிகள் ஒன்றுக்கொன்று செய்தியைக் கைமாற்றிப் பிழைக்க முடியுமா? முடியும். ஆனால் ஒவ்வொன்றும் எவ்வளவு ஆற்றலோடு அலைபரப்ப வேண்டும்? கூட்டினால் மின்கலம் தீரும், அண்டைக் கருவிகள் வாயடைத்து நிற்கும். குறைத்தால் சங்கிலி அறுபடும்.

1978-இல் ஆய்வாளர்களான கிளைன்ராக், சில்வெஸ்டர் இருவரும் விடை கூறினர்: ஒரு கருவியின் அலை சராசரியாக ஆறு அண்டைக் கருவிகளை எட்டுவதே நல்லது. ஆறு ஒரு மந்திர எண் என்று கட்டுரைத் தலைப்பிலேயே எழுதினர். 1984-இல் கிளைன்ராக்கே தகாகியுடன் சேர்ந்து அதை எட்டாகத் திருத்தினார். தம் கணக்கைத் தாமே திருத்திய நேர்மை பாராட்டுக்குரியது.

எனினும் இவை செய்தி விரைந்து நகர்வதற்கான கணக்குகள். வலை அறுபடாதிருக்குமா என்பது வேறு கேள்வி. சென்னை ஐஐடியில் பயின்ற பி.ஆர்.குமார், இலினோய் பல்கலைக்கழகத்தில் ஃபெங் ஷுவேயுடன் சேர்ந்து 2004-இல் அதற்கு விடை தந்தார்: மந்திர எண்ணே கிடையாது. எண்ணை மாற்றாமல் வைத்தால், கருவிகள் பெருகப் பெருக வலை எங்கேனும் பிய்ந்தே தீரும். ஆயினும் ஆயிரம் கருவிகள் ஒரு மில்லியன் ஆனாலும், அண்டைக் கருவிகள் ஏறத்தாழ இரு மடங்கானால் போதும்.

2002-லேயே குமாரின் குழு, வலை அறுபடாத மிகக் குறைந்த பொது ஆற்றலைக் கருவிகளே தேடிக்கொள்ளும் நெறிமுறையை வெளியிட்டிருந்தது.