பூவின் பெயரும் புகழும்



தோட்டத்துப் பூவைக் காணுங்கால் அதன் நிறத்தை வியக்கிறோம். யார் கொணர்ந்தார் என்று கேட்பதில்லை. பிரிமுலா என்னும் குளிர்நிலச் செடியைக் கொண்டு அக்கேள்வியை இன்று எழுப்புவோம்.

'முதல்' எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது இப்பெயர். வசந்தத்தில் முந்திப் பூக்கும் இனங்கள் இதில் உண்டு. ஐரோப்பாவுக்கும் உரிய இக்குடும்பத்தில், தண்டைச் சுற்றி அடுக்கடுக்காய்ப் பூக்கும் சில வகைகள் தென்மேற்குச் சீனத்து யுன்னான் மலைகளினின்று பிரிட்டன் சென்றவை.

ஜார்ஜ் ஃபாரஸ்ட் என்பவர் எடின்பரோ தாவரவியல் தோட்டத்தின் உலர்தாவரத் தொகுப்பில் பணியாற்றிய ஸ்காட்லாந்துக்காரர். லிவர்பூல் பருத்தித் தரகரான ஆர்தர் புல்லி பொருளுதவி செய்ய, தோட்டத் தலைவர் ஐசக் பெய்லி பால்ஃபோர் பரிந்துரைக்க, 1904ஆம் ஆண்டில் அவர் யுன்னானுக்குப் புறப்பட்டார். 1905ஆம் ஆண்டில் திபெத்திய எல்லைப்புறத்தில் கலகம் மூண்டது. உடனிருந்தோர் பலர் மாண்டனர். சேர்த்த விதைகளும் செடிகளும் அழிந்தன. ஃபாரஸ்டோ பல நாள் காடுமலைகளில் ஒளிந்து திரிந்து உயிர் தப்பினார். ஆயினும் அவர் மனந்தளரவில்லை. மீண்டும் மீண்டும் அம்மலைகளுக்குச் சென்றார். 1932ஆம் ஆண்டில் யுன்னானிலேயே அவருடைய வாழ்வு முடிந்தது.

விதை சேர்த்தல் எளிய வேலையன்று. கோடையில் பூத்த செடியை அடையாளம் கண்டு வைக்க வேண்டும். பூ உதிர்ந்த பின், இலையுதிர் காலத்துக் குளிரில் மீண்டும் மலையேறி, அதே செடியைத் தேடி விதையெடுக்க வேண்டும். இவ்வேலையைப் பெரிதும் செய்தவர்கள், ஃபாரஸ்ட் பயிற்றிய நாசி இனத்து மலைமக்கள். அவர்களுள் தலையாயவர் சாவோ செங்சாங்.

அம்மலைகளில் கோடையிலே பருவமழை பொழியும். குளிர்காலத்தில் செடி உறங்கும். ஆகவே ஈரமும் குளிர்ச்சியும் மிக்க ஸ்காட்லாந்துத் தோட்டங்கள் அவற்றுக்கு ஏற்றன. வளர்ப்போர் இவ்வியல்பை மறத்தலாகாது. மக்கிய இலையுரம் கலந்த மண்ணும், பாதி நிழலும், கோடையில் வற்றாத ஈரமும் வேண்டும். ஆனால் குளிர்காலத்தில் நீர் தேங்கினால் வேர்முடி அழுகும். விதை பழையதானால் முளைப்புத்திறன் குன்றும். புதிதாகவே விதைத்தல் நலம். பூத்து ஓய்ந்த பின் தூரைப் பிரித்து நடலாம்.

இப்பூக்களின் பெயர்களைப் பாருங்கள். ஆரஞ்சு நிறமுள்ளது பிரிமுலா புல்லியானா; பொருள் கொடுத்த புல்லியின் பெயர் அது. செவ்வூதா நிறமுள்ளது பிரிமுலா பீசியானா. புல்லி நிறுவிய 'பீஸ்' என்னும் விதை வணிக நிலையத்தின் பெயர் அது. மஞ்சள் நிறமுள்ளது பிரிமுலா ஃபாரஸ்டி. தேடிச் சென்றவரின் பெயர் அது. பொருளீந்தவனும் வணிகனும் தலைவனும் பெயர் பெற்றனர். இதில் குற்றமில்லை, அவர்களும் உழைத்தவர்களே. ஆனால் பனியில் மலையேறி விதையெடுத்த கைகளுக்குரியோரின் பெயர் இம்மூன்றிலும் இல்லை.

மாணவர்களே, பெயர்ப்பலகை கூறுவது வரலாற்றின் ஒரு பகுதியே. எந்த அரும்பணியைப் பற்றிப் படித்தாலும், "இதில் பெயர் இல்லாதவர் யார்?" என்று ஒருமுறை கேளுங்கள். அக்கேள்வி உங்களை நல்ல வரலாற்று மாணவராக்கும். நன்றியுள்ள மனிதராகவும் ஆக்கும்.